வீட்டுக்குப் பின்னால் போல் வால்ட் மெத்தை: வாங்கலாமா?

ஒரு வாசகி தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 14 வயது, எடை 44 கிலோ. பல ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள். உயரம் கூடியதும் அதை விட்டுவிட்டு, ஒரு வருடமாகக் கோலூன்றித் தாண்டுதல் (போல் வால்ட்) பழகுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் கிளப்பில் பயிற்சி. அங்கே கோல்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஒரு மாலையில் ஏழெட்டு முறைதான் தாண்டக் கிடைக்கிறது. 2.40 மீட்டர் தாண்டியவள், மூன்று மாதமாக அதே உயரத்தில் நிற்கிறாள். இந்த நேரத்தில், பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்ட ஒரு குடும்பம் தங்கள் பழைய கருவிகளை மொத்தமாக விற்க முன்வந்திருக்கிறது. உயரம் தாண்டுதலுக்கான மெத்தைகள் இரண்டு. சேர்த்துப் போட்டால் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். ஓட்டத்தின் முடிவில் கோலின் நுனியை ஊன்றுவதற்கு, இரும்புத் தகட்டைப் பற்றவைத்து வீட்டிலேயே செய்த ஊன்றுபெட்டி ஒன்று, குறுக்குக் கம்பியைத் தாங்கும் கம்பங்கள், இரண்டு கோல்கள். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தரையோடு காலியிடம் இருக்கிறது. வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். ஸ்வீடன் போல் வால்ட் வீரர் டுப்ளான்டிஸ் வீட்டுக்குப் பின்னால் பழகித்தானே உலக சாதனை வரை போனார் என்பது அவர் வாதம். சேமிப்பில் பெரும்பகுதி போய்விடுமே என்பது வாசகியின் தயக்கம். விற்பவர்கள் கொடுத்திருக்கும் கெடு ஒரு வாரம். கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில் இரண்டு வரிகள்: பயிற்சி முடிந்த இரவு கீழ்முதுகு வலிக்கிறது என்கிறாள், காலையில் சரியாகிவிடுகிறது, கொஞ்ச நாளாக அடிக்கடி எடை பார்த்துக்கொள்கிறாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது கருவிகளைப் பற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொகுப்பை வாங்காதீர்கள். ஆனால் அதற்கான காரணங்களுக்குள் போவதற்கு முன், அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் பேசியாக வேண்டும். விளையாட்டு மருத்துவர் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அவைதான்.

முதலில் அந்த முதுகுவலி

வளரும் வயதில் விளையாடும் பிள்ளைக்குக் கீழ்முதுகு வலி திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சாதாரணத் தசைவலி என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. முதுகைப் பின்னால் அடிக்கடி வளைக்கிற விளையாட்டுகளில், கீழ்முதுகு முள்ளெலும்பின் பின்பக்க வளையத்தில் மெல்லிய அழுத்த முறிவு வருவதுண்டு. ஸ்பாண்டிலோலைசிஸ் என்போம். ஒரே அடியில் உடைவதில்லை. சிறு சிறு அழுத்தம் சேர்ந்து சேர்ந்து விரிசல் விடும். ஜிம்னாஸ்டிக்ஸ் இதற்குப் பேர்போனது. போல் வால்ட்டும் அந்த வரிசையில் வருகிறது. உங்கள் மகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தவள்.

"காலையில் சரியாகிவிடுகிறது" என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். தொடக்கக் கட்டத்தில் இந்த வலி அப்படித்தான் இருக்கும்: உழைத்தால் வரும், ஓய்ந்தால் போகும். நின்றபடி பின்னால் சாயும்போது, அதிலும் ஒற்றைக் காலில் நின்று சாயும்போது வலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதியடைய வேண்டாம். ஆரம்ப விரிசல் அதில் தெரியாமல் போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்துச் சில மாதங்கள் தாண்டுவதையும் முதுகை வளைப்பதையும் நிறுத்திவைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் திரும்ப விளையாட வந்துவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் விரிசல் சேராமலே நின்றுபோகலாம், சிலருக்கு எலும்பு முன்னோக்கி நழுவவும் செய்யலாம். அவளைப் பரிசோதித்த ஒருவர் "போகலாம்" என்று சொல்லும்வரை கோலைத் தொட வேண்டாம். நடுவில் கால் மரத்துப்போவது, பலவீனம், சிறுநீர் போவதில் மாற்றம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி என எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வலிக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கோலை ஊன்றித் தரையை விடும் நொடியில், எம்பும் கால், கோலில் மேலே பிடித்திருக்கும் கைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். கால் அதைத் தாண்டி முன்னால் போய்விட்டால், கோல் கைகளைப் பின்னால் இழுக்கும், இடுப்பு முன்னால் ஓடும், நடுவில் முதுகு வில்லாக வளையும். கோலைத் தாமதமாக ஊன்றினாலும் இதேதான் நடக்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை இது. மூன்று மாதமாக உயரம் கூடாமல் நிற்பதும், முதுகு வலிப்பதும் ஒரே பிழையிலிருந்து வந்திருக்கலாம். பயிற்சியாளரிடம் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து அவள் தாண்டுவதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தரையை விடும் படத்தில் நிறுத்திப் பாருங்கள். கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்படிப் பிழை இருந்தால், ஆளில்லாத வீட்டுப் பின்புறத்தில் அவள் கூடுதலாகத் தாண்டும் ஒவ்வொரு தாண்டலும் அந்தப் பிழையைத்தான் உறுதிப்படுத்தும். "கிளப்பில் ஏழெட்டுத் தாண்டல்தானே கிடைக்கிறது" என்று வருத்தப்படுகிறீர்கள். முழு ஓட்டத்தோடு தாண்டுவது உடலை உலுக்குகிற வேலை. 14 வயதில் யாராவது பார்த்துத் திருத்தித் தரும் ஏழெட்டு, பார்ப்பார் இல்லாத முப்பதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டுப்ளான்டிஸ் பற்றி உங்கள் கணவர் சொன்னது உண்மைதான். அமெரிக்காவின் லஃபயெட்டில் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் ஓடுபாதையும் மெத்தையும் இருந்தன, சிறு பிள்ளையாக அங்கேதான் அவர் தாண்டத் தொடங்கினார். ஆனால் அந்த மெத்தைக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா கிரெக் 5.80 மீட்டர் தாண்டியவர், அம்மா ஹெலெனா ஹெப்டத்லான் எனும் ஏழு தடகளப் போட்டித் தொகுப்பின் வீராங்கனை. இருவருமே மகனுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வீட்டிலிருந்து மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், மற்றது வராது.

மெத்தை, பெட்டி, சுற்றியுள்ள தரை

மெத்தை இருந்தால் ஆபத்து போய்விடும் என்ற எண்ணம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அளவைப் பாருங்கள். உலகத் தடகள விதிகளின்படி, சாதாரணப் போட்டிகளுக்கே விழும் பகுதி குறைந்தது 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 80 சென்டிமீட்டர். இந்த நீளம் பெட்டியின் பின்சுவருக்கு அப்பால் மட்டும் கணக்கிடுவது. பெட்டியின் இரு பக்கமும் முன்னோக்கி நீளும் மெத்தைத் துண்டுகள் தனி, அவை குறைந்தது 2 மீட்டர். உங்களுக்கு வருவதோ 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் அரை மீட்டர், முன்துண்டுகள் கிடையாது. அது உயரம் தாண்டுபவருக்காகச் செய்தது. உயரம் தாண்டுபவர் எங்கே விழுவார் என்பது ஏறக்குறையத் தெரியும். கோலில் தொங்கி வருபவர் நேராகவும் போகலாம், பக்கவாட்டிலும் சரியலாம், மேலே போகாமல் வந்த வழியே திரும்பியும் விழலாம்.

அமெரிக்காவில் 1982 முதல் 1998 வரை இந்த விளையாட்டில் நேர்ந்த மிகக் கடுமையான 32 விபத்துகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். பாதிக்கும் சற்று மேற்பட்ட விபத்துகளில் உடல் மெத்தையின் ஓரத்தில் விழுந்து, தலை வெளியே சாய்ந்து கடினமான தரையில் மோதியிருந்தது. கால்வாசி, பெட்டிக்குள்ளேயே விழுந்தவை. மெத்தையை முழுவதுமாகத் தவறவிட்டவர்களும் உண்டு. 2003-ல் அங்கே மெத்தையின் குறைந்தபட்ச அளவைக் கூட்டினார்கள். அதன் பிறகு 2011 வரை பார்த்தபோது, பெட்டிக்குள்ளோ அதைச் சுற்றியோ விழுவதே முதன்மைக் காரணமாக நின்றது; பெட்டியின் விளிம்பைச் சுற்றி மெத்தைப் பட்டை வைக்கும் விதி பள்ளிப் போட்டிகளில் வந்ததும் அதனால்தான். உங்கள் வீட்டுப் பின்புறத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சிறிய மெத்தை, சிமென்ட் தரை, பட்டை இல்லாத இரும்புப் பெட்டி. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒழுங்கான இடத்தில், ஒழுங்கான கண்காணிப்பில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இதைப் பத்திரமாகத்தான் செய்கிறார்கள். நீங்கள் அமைக்க நினைப்பது அந்த இடம் இல்லை.

இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் இணைப்பு விலகும், கால் உள்ளே போனால் கணுக்கால் போச்சு. முறையான மெத்தைகளில் துண்டுகளை இறுக்கிக் கட்டி, மேலே எல்லாவற்றையும் மூடும் ஒரே உறை போடுவார்கள். பழைய நுரை வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே தண்ணீர் இறங்கி நொறுங்கியிருக்கும். நடுவில் ஏறி நின்று கால் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் செய்த பெட்டியைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. ஊன்றுபெட்டி வெறும் பள்ளம் இல்லை. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கி, பின்சுவரின் அடியில் 15 சென்டிமீட்டராகக் குறுகும். ஆழம் 20 சென்டிமீட்டர். பின்சுவர் அடித்தளத்தோடு 105 பாகையில் வெளியே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருந்தால்தான் கோல் தடையில்லாமல் நிமிர்ந்து முன்னால் உருளும். சுவர் நேராக இருந்தால், மேல்விளிம்பு தரைக்கு மேலே துருத்தினால், கோல் இடிக்கும், நழுவும், தாண்டுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்ற கோல்

கூட வரும் இரண்டு கோல்களில் ஒன்று 60 கிலோ என்று எழுதியது, மற்றதில் எழுத்தே அழிந்துவிட்டது என்கிறீர்கள். "பெரியதாக இருந்தால் என்ன, இன்னும் இரண்டு வருடத்தில் அந்த எடைக்கு வந்துவிடுவாள்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். சட்டைக்குப் பொருந்தும் கணக்கு இது, கோலுக்குப் பொருந்தாது.

கோலில் எழுதியிருப்பது, அதைப் பயன்படுத்துபவருடைய எடையின் மேல்வரம்பு. தாண்டுபவர் அதைவிட எடை கூடியவராக இருந்தால் கோல் அளவுக்கு மீறி வளையும், முறியவும் கூடும். அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் எடை அந்த எண்ணைத் தாண்டியிருந்தால் அந்தக் கோலோடு இறங்கவே விடமாட்டார்கள். இந்தப் பக்கத்து ஆபத்து எல்லோருக்கும் தெரியும். மறுபக்கத்தைத்தான் மறந்துவிடுகிறோம். 44 கிலோ பிள்ளைக்கு 60 கிலோ கோல் மிக விறைப்பானது. அவளுடைய ஓட்டத்தின் வேகம் அதைச் செங்குத்தாக நிமிர்த்தப் போதாது. நிமிராத கோல் அவளைப் பெட்டிக்கோ ஓடுபாதைக்கோ திருப்பி அனுப்பும். கோலைத் தாழ்த்திப் பிடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். தாழ்த்திப் பிடித்தால் அதே கோல் இன்னும் விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும்.

வளரும் வயதில் உயரம், எடை, ஓட்ட வேகம் மூன்றுமே மாறிக்கொண்டிருக்கும். அதனால் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறைகூடக் கோல் மாற்ற வேண்டி வரலாம். கிளப்புகள் நீளவாரியாக, எடைவாரியாக ஒரு வரிசையே வைத்திருப்பது இதற்குத்தான். ஒரு குடும்பம் ஒரே ஒரு கோலை வாங்கிவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? பிள்ளை அந்தக் கோலுக்குள் தன்னை அடக்கிக்கொள்ளப் பார்க்கும்.

அவள் அடிக்கடி எடை பார்க்கிறாள் என்று எழுதினீர்களே, அதை நான் இங்கேதான் சேர்த்து யோசிக்கிறேன். எடை கூடினால் கோல் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால், சாப்பாட்டில் கை வைப்பாள். இந்த வயதில் எடை கூடித்தான் ஆக வேண்டும். எலும்பு உறுதிப்படுகிற வருடங்கள் இவை. போதாத சாப்பாடும் கடும் பயிற்சியும் சேர்ந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும், நான் மேலே சொன்ன விரிசலுக்கு வழி இன்னும் எளிதாகும். 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றாலோ, தொடங்கிய பிறகு மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலோ, முதுகைக் காட்டப் போகும் மருத்துவரிடமே இதையும் சொல்லுங்கள். மகளிடம் விசாரணை தொனி வேண்டாம். "உனக்கு ஏத்த கோல் எதுவோ அதை நாங்க பார்த்துக்கறோம், உன் எடை உன் வளர்ச்சிக்கானது" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடைக் கருவியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவதும் நல்லது.

எழுத்து அழிந்த கோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஃபைபர்கிளாஸ் கோலில் ஸ்பைக் ஷூ பட்ட ஒரு கீறலோ, கம்பத்தில் மோதிய ஒரு நசுங்கலோ போதும், பின்னொரு நாள் அது அந்த இடத்தில்தான் முறியும்.

அப்படியானால் பணத்தை எதில் போடலாம்

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலின் உதவியால் அவளைத் தரையிலிருந்து தூக்கும் எதுவும் வீட்டில் வேண்டாம், அவ்வளவுதான். தாண்டுவதற்கான உடலை வளர்க்கும் கருவிகளுக்கு என் முழு ஆதரவு உண்டு.

புகழ்பெற்ற ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்க வீரர் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-ல் 4.77 மீட்டர் தாண்டினார், மூங்கில் கோலில். இன்றைய கோல் போல வளைந்து எறிந்து தரும் வேலையெல்லாம் அதில் கிடையாது. ஓட்டம், ஊன்றல், தொங்கி வீசும் உடல், கைவலிமை இவற்றால் மட்டுமே வந்த உயரம் அது. 2.40 மீட்டரில் நிற்கிற பிள்ளைக்கு வளையும் கோல் இப்போதைக்கு ஒரு பொருட்டே இல்லை. ரஷ்ய வீராங்கனை யெலெனா இசின்பயேவாவும் உங்கள் மகளைப் போலவே ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர். உயரமாகிவிட்டார் என்று 15 வயதில் அதை விட்டார், 2009-ல் 5.06 மீட்டர் என்ற உலக சாதனையோடு நின்றார். ஆக, உங்கள் மகளின் ஜிம்னாஸ்டிக்ஸ் வருடங்கள் வீணாகவில்லை. அவள் கையிலிருக்கும் பெரிய சொத்து அதுதான்.

முதுகு சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, என் வரிசை இப்படி இருக்கும். முதலில் கிளப்பில் மூன்றாவது நாள் பயிற்சி அல்லது பயிற்சியாளரோடு தனியாக ஒரு மணி நேரம். அவர் நேரம்தான் இந்த விளையாட்டில் கிடைப்பதற்கு அரிய பொருள். அடுத்து, காலுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பைக் ஷூ. பிறகு வீட்டில் உறுதியாகப் பொருத்திய தொங்கும் கம்பி ஒன்று, முடிந்தால் வளையங்கள் அல்லது ஏறும் கயிறு. தொங்கிக் காலைத் தூக்குவது, தலைகீழாகச் சுழன்று மேலே போவது எல்லாமே நேரடியாகத் தாண்டலுக்குப் போய்ச் சேரும். கீழே தடிமனான ஜிம் மெத்தை ஒன்று போட்டால் போதும். போனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்குங்கள்; கால் எங்கே விழுகிறது என்று வாராவாரம் பார்க்கலாம். அப்புறம், இலேசான குட்டைக் கோல் ஒன்று: தூக்கி நடக்க, நடந்தபடியே ஊன்றும் கை அசைவைப் பழக. கால் தரையை விடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. இவ்வளவும் சேர்த்தாலும் அந்தத் தொகுப்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

சொந்தமாகத் தாண்டும் கோல் எப்போது? பயிற்சியாளர் நீளம், எடை அளவு இரண்டையும் எழுதிக் கொடுக்கும்போது, அதுவும் கிளப்பின் வரிசையில் அந்த அளவு இல்லாதபோது. கோல்களை வாடகைக்கு விடும் கிளப்புகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். கோல் பற்றாக்குறை உங்கள் மகளுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. மற்ற பெற்றோரோடு சேர்ந்து கிளப்புக்காகவே இரண்டு மூன்று கோல்களை வாங்கிப் போடுவதுதான் என் பார்வையில் சரியான வழி. பிள்ளை ஓர் அளவைத் தாண்டி வளர்ந்ததும் அந்தக் கோல் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறினால்?

இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மெத்தையும் கம்பமும் வெட்டவெளியில் நின்றால், நீங்கள் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் ஏறுவார்கள். யாருக்காவது அடிபட்டால், இடத்தின் உரிமையாளராக நீங்கள்தான் பதில் சொல்லும் நிலை வரலாம். வீட்டுக் காப்பீடு இருந்தால் இதற்கெல்லாம் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விவரம் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். அந்தப் பக்கம் ஒரு செலவு இருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கெடு ஒரு வாரம்தான் என்பது உங்களை அவசரப்படுத்த வேண்டாம். விற்பவர்களிடம் நாளைக்கே "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். குறுக்குக் கம்பிக்கான கம்பங்கள் நல்ல நிலையில் இருந்தால் கிளப்புக்குப் பயன்படலாம், பயிற்சியாளரிடம் தகவல் மட்டும் கொடுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது எந்தெந்த நாள் வலித்தது, அன்று என்ன பயிற்சி, பின்னால் சாய்ந்தால் வலித்ததா என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். பக்கவாட்டு வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். பரிசோதனை முடிவும், கால் எங்கே விழுகிறது என்று பயிற்சியாளர் சொன்னதும் கிடைத்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். திரும்பத் தாண்டத் தொடங்கும் முதல் சில வாரங்களை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அப்போது பேசலாம்.